சூடையின் எடை

அறுப்பதற்கு முந்தின நாள், தை மாதம்,
நண்டுக் கூடையில் உட்காரவைத்துத்
தராசில் ஏற்றினோம்.
நாகூர்கனி முன்காலைப் பிடிக்க
நான் வாலைப் பிடிக்க
எண் நிற்காமல் ஓடியது, அவளைப் போலவே.
கூடைக்கு எண்ணூறு கழித்து
பதினொன்று நானூறு என்று எழுதினேன்.
கொள்முதல் நோட்டின் கடைசிப் பக்கம்,
பெண் நண்டு, ஆண் நண்டு, உடைசல்,
அதற்கு அடியில் சூடை.

மெலிந்து மின்னியதால் அந்தப் பெயர்.
பாம்பன் வடகடல் ஓரம் ஏறிக்கிடந்த
ஓட்டை வள்ளத்துக்கு அடியில் ஐந்து ஈத்து.
எத்தனை குட்டி பிழைத்தது என்று கேட்காதீர்கள்.
ரோடு அங்கிருந்து முப்பது எட்டு.

ராமநாதபுரத்தில் அறுத்தார்கள்.
நக்காமலிருக்க பெயிண்ட் வாளியின் அடியை வெட்டிக்
கழுத்தில் மாட்டினேன்.
அதோடு கரையில் நடந்தாள்.
வாடைக் காற்று வாளிக்குள் புகுந்து
சங்கு மாதிரி ஊதியது.

டாக்டர் முத்துராக்கு இன்னொன்றும் சொன்னார்:
"இனிமே பசி கூடும், தேவை குறையும்.
கால் பங்கு சோத்தைக் குறைச்சிரு."
தலையாட்டினேன்.
வயிறு தைத்து வந்தவளுக்கு
யாருக்குச் சோற்றைக் குறைக்க மனசு வரும்?

பங்குனியில் பதின்மூன்று.
வைகாசியில், விசைப்படகெல்லாம் தடைக்கு நின்றபோது,
பதினைந்து அறுநூறு.
செல்வமரி அவளைப் பேத்தை என்று கூப்பிட ஆரம்பித்தாள்,
தொட்டால் ஊதுகிற அந்த மீனின் பெயரால்.
கச்சான் மணலை வாரி அடித்தாலும்
கண் திறப்பதில்லை.
பாலத்து முனை வரை ரயிலை விரட்டியவள்
இப்போது ரயிலுக்குத் தலையை மட்டும் திருப்பினாள்.
"அறுத்ததுல ஆவியே போச்சு" என்றார் அந்தோணிப்பிச்சை.
"பொட்டையப் பொட்டையா விடணும்."
என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பார்க்காததுதான் உறைத்தது.
இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு
அதே ஊரில், வேறு ஆஸ்பத்திரியில்
எனக்கும் ஒரு வெட்டு.
அதன்பின் ஜாக்கெட்டை மூன்று முறை பிரித்துத் தைத்தேன்.
அப்போதும் இதையேதான் சொன்னார்கள்,
எனக்குக் கேட்கிற தூரத்தில்.

ஒரு நாள் அவள் பின்னாலேயே போனேன்.
விடியும்போது செல்வமரி வீட்டில் பழைய சோறு.
பள்ளிவாசல் முக்கு டீக்கடையில் இரண்டு பொறை.
ஐஸ் பிளாண்ட் காவலாளி பிய்த்துப் போட்ட இட்லி.
கடைசியாக அந்தோணிப்பிச்சை வீட்டு வாசல்.
ஆவியே போச்சு என்ற மனிதர்
சாளைத் தலைகளை முள் நீக்கிப் பிசைந்து
"சாப்புடு ஆத்தா, அறுத்த உடம்பு" என்கிறார்.
சிரித்துவிட்டேன்.
அவர் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

ஒன்பது மணிக்குக் கம்பெனிக்கு வந்தாள்,
நேற்றிலிருந்து பட்டினி என்ற முகத்தோடு.

அப்புறம் வீடு வீடாய்ச் சண்டை போட்டேன்.
அளந்த சோறு, வெந்த பூசணி, ஒரே ஒரு மீன் தலை.
சாயங்காலம் தென்கடல் வரை நடை.
நான் நடந்தால் நடப்பாள்.
நான் உட்கார்ந்தால் படுத்துவிடுவாள்.
பாதி நாள் நானும் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆடியில் பதினான்கு நூறு.
ஆவணியிலும் பதினான்கு நூறு.

முந்தாநாள் வலை உதறும்போது தப்பிய நண்டை
தண்ணீர் விளிம்பு வரை துரத்தினாள்,
காது பின்னால் மடிய, பழைய ஓட்டம்.
அங்கே நின்றாள். மூச்சு வாங்கினாள்.
நண்டு போயிற்று. திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.
இளைப்பா, போதும் என்பதா,
அதை எழுத நோட்டில் கோடு இல்லை.

இப்போது யாரும் பிடிக்க வேண்டியதில்லை.
தானே தராசில் ஏறி உட்கார்கிறாள்.
எண் உடனே நின்றுவிடுகிறது.

நேற்று எல்லோரும் போனபின்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நானும் ஏறினேன்.
சூடை கீழே உட்கார்ந்து எண்ணைப் பார்த்தாள்.
நோட்டை நான் எடுக்கவில்லை.