படம் 41

நாத்தெலா கொபாலியாவுக்கு மாதச் சம்பளம் கிடையாது.
படத்துக்கு இவ்வளவு என்று கூலி.
வேரோடு வரைந்தால் கொஞ்சம் கூட.

திபிலீசியில், தாவரவியல் கழகத்தின் மூன்றாம் மாடியில்
வடக்கு ஜன்னல் அவளுடையது.
ஸ்வானேத்திச் சரிவுகளில் நான் பறித்ததெல்லாம்
செய்தித்தாளில் அமுங்கித் தட்டையாக வந்து சேரும்,
தலைவர்களின் முகத்தில் மகரந்தக் கறையோடு.
பூவை ஒரு கரண்டி வெந்நீரில் போட்டுக் காத்திருப்பாள்.
செத்த பூ மெல்ல ஒருக்களிக்கும்.
"பாருங்கள், தூக்கத்தில் புரள்கிறது."

அரும்பை ஒரு தாளிலிருந்து,
வேரை இன்னொன்றிலிருந்து,
வெடித்த காயைப் போன வருடத்து உறையிலிருந்து எடுத்து
ஒரே தண்டில் பொருத்துவாள்.
அரும்பு, போது, மலர், செம்மல்
எல்லாம் ஒரே நாளில்.
அப்படியொரு செடி எந்த மலையிலும் முளைத்ததில்லை.
மேய்ப்பர்களோ படத்தைக் கண்டதும்
"இது ஆட்டுக்கு ஆகாதே" என்றார்கள்.

கோணல் தண்டை நிமிர்த்தச் சொன்னேன்.
"காற்றடிக்கும் ஊர் அது" என்றாள். நிமிர்த்தவில்லை.
புழு தின்ற இலையை முழுசாக்கச் சொன்னேன்.
ஆக்கினாள்.

காம்படியில் ஒரு சுரப்பி, கடுகில் கால்.
எட்டு வருடம் நான் பார்த்த செடி. பார்க்கவில்லை.
புள்ளி புள்ளியாய் மை வைத்து முடித்து
உருப்பெருக்கியை என் பக்கம் தள்ளினாள்,
ஒன்றும் சொல்லாமல்.
அந்தச் சுரப்பியால்தான் அது புது இனம்.
லத்தீனில் விவரம் எழுதினேன்.
செடியின் பெயருக்குப் பின்னால் என் பெயர்.
அவளுக்குப் பதினொரு ரூபிள், வேரையும் சேர்த்து.

தொண்ணூற்றுமூன்றின் குளிரில் மின்சாரம் போயிற்று.
விளக்குச் சுடரில் புள்ளிகள் நடுங்கும் என்று
பகல் வெளிச்சம் இருந்த நாலு மணி நேரம் மட்டும் வரைந்தாள்,
மை உறையாதிருக்கக் குப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு.
கூலி தர அந்த வருடம் யாருமில்லை.
ஒன்பதாம் தொகுதி முடிந்தது.

நேற்று எதையோ தேடப்போய் நாற்பத்தொன்றாம் படம்.
கண்ணாடிக்கு மேல் உருப்பெருக்கியும் வைத்துப் பார்த்தேன்.
மூன்றாவது இலை, இடது ஓரம்:
அங்கே மட்டும் புள்ளிகள் இரண்டு இழை தள்ளித் தள்ளி.
கடித்த விளிம்பு, பல்லுக்குப் பல், அப்படியே.
முப்பத்தைந்து வருடமாக அந்தப் புழு
என் இனத்தைத் தின்றுகொண்டிருக்கிறது.

குத்தாயிசிக்குத் தொலைபேசினேன். அவள் தங்கைதான் எடுத்துக் கொடுத்தாள்.
கண்புரை முற்றிவிட்டதாம்; அவளுக்குச் செடியே நினைவில்லை.
இலையைச் சொன்னதும் சிரித்தாள்.
"நிரப்பச் சொன்னீர்கள். நிரப்பினேன்.
எத்தனை புள்ளி என்று
நீங்கள் சொல்லவில்லையே."