மின்தடை குறைந்த இரவு

குளுகோர் மேட்டில் மழை.
திரவ ஹீலியம் ஏற்றிய லாரி
பாலத்து நெரிசலில் நான்கு மணி நேரம் நின்று
பாதி ஆவியாகி வந்து சேர்ந்தது.
மிச்சத்தில் ஓர் இரவு ஓட்டலாம் என்றாள் அஸ்மீரா.

அரிசி நொய்யளவு படிகம்.
டான்டலம், ஆர்சனிக். உள்ளே
எடையே இல்லாததுபோல் ஓடுமாம் எலெக்ட்ரான்,
இடக்கை ஒன்று வலக்கை ஒன்று,
தனியே பிறக்காத சோடி.
மேற்பரப்பில் ஒரு பாதை வில்லாய் வளைந்து
பாதியில் அறும்;
மீதி அடிப்பரப்பில் கிடக்கும்.
கண்ணில் படாது எதுவும்.
காந்தப்புலத்தை மின்னோட்டத்தின் போக்கிலேயே திருப்பு,
தடை ஏற வேண்டிய இடத்தில்
இறங்குகிறதா பார், அவ்வளவுதான்.

விடியற்காலை இரண்டு பதினேழு.
இறங்கியது.

வீட்டுக்கு அழைத்தேன்:
"மின்தடை குறைஞ்சிருச்சு."
"நல்லதாப் போச்சு, ஃபிரிட்ஜுல மீன் இருக்கு"
என்றான் இளம்பரிதி, தூக்கத்திலேயே.

அஸ்மீரா சிரிக்கவில்லை.
வெள்ளிப் பசைப் புள்ளிகளை
உருப்பெருக்கியில் காட்டினாள்.
ஒன்று மயிரிழை விலகியிருந்தது.
மின்னோட்டம் நடுவில் மட்டும் பீய்ச்சி ஓடினால்
ஓரத்துக் கம்பிகள் இதே பொய்யைச் சொல்லும்,
இதே வளைவில்,
இதே அழகோடு.

இருபது நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தது
எந்தத் துகளால் என்று தெரியவில்லை.

குளிர்கலனைச் சூடேற விட்டோம்.
பசையைச் சுரண்டும்போது ஜன்னலில் பார்த்தேன்:
பாலத்து விளக்குகள்
நடுக்கடலில் மழைக்குள் அறுந்திருந்தன.
பிறைப் பக்கம் மறுபடி தொடங்கியிருக்கும்
என்ற நம்பிக்கையில்
ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது.

அடுத்த ஹீலியம் செவ்வாய்க்கிழமை.