மற்றவை

நகோன்டே எல்லையில் ஆறாவது நாள்.
எனக்கு முன்னால் எழுபத்து மூன்று லாரி.
பின்னால் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
டீசல் புகை அடங்கி அடுப்புப் புகை:
சோளமாவு கிண்டி, கருவாடு சுட்டு,
சாலையோரம் ஓர் ஊரே முளைத்துவிட்டது.

எல்லாம் அந்தப் பெண்ணால்.
ந்சோஃப்வா. கனிமத் துறையில் மாதிரி எடுப்பவள்.
ஒரு கரண்டி, ஒரு பால்பவுடர் டின்,
காதில் செருகிய நீலப் பேனா.
மூன்று வருடமாய் ஒவ்வொரு லாரியிலும்
தார்ப்பாயைத் தூக்கி ஒரு கரண்டி அள்ளுவாள்.
குழம்பு வைக்கவா என்போம்.
சிரிக்கமாட்டாள். டின்மேல் வண்டி எண் எழுதுவாள்.

நான் ஏற்றி வருவது கரும்பச்சைப் பொடி.
தாளில் அதன் பெயர் செம்புச் செறிவு.
செம்பு: நூற்றுக்கு முப்பத்தொன்று.
அதற்குக் கீழே ஒரு கட்டம்: மற்றவை.
கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு.
பதினொரு வருடமாய் அந்தக் கோட்டைப் பார்த்து
முத்திரை குத்தினார்கள், நான் கையெழுத்திட்டேன்.
கோடு என்றால் ஒன்றுமில்லை என்று
யார் எனக்குச் சொன்னது?
யாரும் சொல்லவில்லை. அதுதான் கோட்டின் சாமர்த்தியம்.

துறைக்கு ஓர் இயந்திரம் தானமாய் வந்தது.
பொடியைக் காட்டினால் உள்ளதைச் சொல்லும்.
இரண்டு மாதம் சொன்னது. பிறகு
கடவுச்சொல் காலாவதி என்றது.
புதியது கேட்டுக் கடிதம் போட்டார்கள்.
பதில் வரும்வரை கம்பெனி
தன் பொடியைத் தானே சோதித்து
தானே எழுதித் தானே அனுப்பியது.
திருடன் கையில் சாவி என்று நான் சொல்லவில்லை.
கதவு யாருடையது என்று கேட்கவே
இருபது வருட ஒப்பந்தத்தில் இடமில்லை,
வழக்கென்றால் லண்டன் போகவேண்டும், அவ்வளவுதான்.

அவள் லண்டன் போகவில்லை.
கிட்வே போனாள், இரவுப் பேருந்தில்,
இரண்டு சாக்கில் நாற்பது டின்.
கல்லூரியின் பழைய உலையில்
ஈயத்தோடு சேர்த்து உருக்கி
எலும்புச் சாம்பல் கிண்ணம் ஈயத்தைக் குடித்தபின்
அடியில் மிஞ்சியதைப் பார்த்தாள்.
ஒரு மணி. மஞ்சள்.
தாளில் வைக்கும் முற்றுப்புள்ளியைவிடச் சிறியது.
பெருக்கிப் பார்த்தால்
லாரிக்குப் பதினேழு சவரன்.

பதினொரு வருடம் நான் ஓட்டியது தங்கம்.
டயர் கடனில் ஓட்டினேன்.
மகள் கசோன்டேயின் பள்ளிக் கட்டணம் பாக்கி வைத்து ஓட்டினேன்.
ம்பிக்கா தாண்டிய சரிவில், பிரேக் பிடிக்காத ஓர் இரவில்,
பதினேழு சவரனோடு சாகப் பார்த்தேன்.

போன வாரம் அவள் அந்தக் கோட்டை அடித்தாள்.
அதன்மேல் ஓர் எண்ணை எழுதினாள், நீல மையில்.
தடுப்புக் கம்பம் இறங்கியது.
தலைநகரிலிருந்து தொலைபேசி.
பிறகு ஒரு கார். பிறகு அதைவிட நீளமான கார்.
முதலீடு ஓடிவிடும் என்றார் இறங்கியவர்.
எந்தச் சாலையில் என்று கேட்டாளாம்.

உண்மையைச் சொல்கிறேன்: மூன்றாம் நாள்
நானே போய் அவளைத் திட்டினேன்.
நின்ற லாரிக்கு நாள்படி கிடையாது,
உன் எண்ணையா நான் சாப்பிடுவது என்று.
பேனாவைக் காதிலிருந்து எடுத்தாள்.
"உன் வண்டியில் என்ன இருக்கிறது?"
செம்பு என்றேன்.
"இன்னொரு முறை சொல்."
வாய் எழவில்லை.

இப்போது கம்பம் உயர்கிறது என்று
முன்னாலிருந்து கத்துகிறார்கள்.
அவள் எண்ணோடு உயர்கிறதா
பழைய கோட்டோடா
எழுபத்து மூன்று லாரிக்கு அப்பால் தெரியவில்லை.
அடுப்புகளில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.
சாவிகள் திரும்புகின்றன. பின்னாலிருந்து ஹாரன்.

அடிக்கட்டும்.
என் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
இறங்கி முன்னால் நடக்கிறேன்,
அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு வர.