தொழில் என்ற கட்டத்தில்

மார்ச் முப்பத்தொன்று. இரவு பதினொன்று பத்து.
அலெக்ஸாண்ட்ரியாவில் சலவைக்கடைக்கு மேலே
ஒற்றை அறை.
நள்ளிரவுக்குள் காலாண்டுக் கணக்கு போயாக வேண்டும்.
மார்லிஸ் ட்வெய்ட் காசோலைகளைப் பிரித்துப் பிரித்து
தட்டச்சு செய்கிறாள்.

பெயர். முகவரி. நிறுவனம். தொழில். தொகை.
சட்டம் கேட்பது இவ்வளவுதான்.
எதற்கு என்றொரு கட்டம்
படிவத்தில் இல்லை.

ஹார்லன் க்விம்பி, கார்விக் ஆயுதத் தளவாடம், துணைத்தலைவர்.
சட்டம் விடுகிற கடைசி டாலர் வரை.
மனைவி ப்ரூடென்ஸ், இல்லத்தரசி, அதே தொகை.
மகன் டாஷல், மாணவன், அதே தொகை.
அடுத்த துணைத்தலைவர், அவர் மனைவி,
அதற்கடுத்தவர், அவருடைய மாமியார்.
எல்லாம் ஒரே செவ்வாய்க்கிழமை தேதியில்.
ஒரே பேனாவோ என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
இல்லை, பேனா வேறுவேறுதான்.

கல்யாண மண்டப வாசலில் மொய் எழுதுகிறவரும்
இப்படித்தான், தலை நிமிர்வதில்லை.
மொய்யை யாராவது லஞ்சம் என்பார்களா?
செய்தவர் வீட்டில் விசேஷம் என்றால்
கை தானாக நோட்டைப் புரட்டும்.
அவ்வளவுதான்.

எமெட் லாக்ரிஜ் நல்ல மனிதர்.
மார்லிஸின் நாய்க்குக் கண்புரை என்பது வரை
ஞாபகம் வைத்திருப்பார்.
பதினாறு வருடப் பழைய வண்டியைத் தானே ஓட்டுகிறார்.
இதைச் செய் என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை.
புதன்கிழமைக் காலை உணவில்
பீரங்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை,
க்விம்பியின் முழங்கால் அறுவை சிகிச்சை,
இந்த வருடம் ஆற்றில் ட்ரவுட் மீன் குறைவு,
இன்னொரு கோப்பை காபி.

வியாழக்கிழமை குழு விசாரணை.
உதவியாளர்கள் ஒன்பது கேள்விகள் எழுதித் தந்திருந்தார்கள்.
நான்காவது:
விழுந்தும் வெடிக்காத குண்டுகள் நூற்றுக்கு எத்தனை,
அவற்றுக்கும் பணம் கொடுத்தாயிற்றா?
மார்லிஸ் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவர் கண்ணாடியைத் துடைத்தார்.
தண்ணீர் குடித்தார்.
மூன்றுக்கு அப்புறம் ஐந்து.

பதினொன்று நாற்பத்தாறு.
அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசி உறை.
இருபது டாலர் மணியார்டர்.
ஓபல் ட்ரூரி. நிறுவனம்: அதே கார்விக்.
தொழில்: ஃபியூஸ் பொருத்துவது, இரவு ஷிஃப்ட்.
பின்பக்கத்தில் பென்சிலால்,
‘என் மேசையைத் தாண்டிப் போவதில்
பத்துக்கு இரண்டு சரியில்லை.
மேலே சொன்னேன். இன்னும் மேலே சொன்னேன்.
நீங்கள்தான் எங்கள் ஆள் என்கிறார்கள்.’

இருநூறு டாலருக்குக் கீழே பெயர் வேண்டியதில்லை.
சில்லறையெல்லாம் சேர்ந்து
கடைசி வரியில் ஒரே கூட்டுத்தொகை.
அந்த வரிக்கு முகவரி இல்லை, மேசை இல்லை,
இரவு ஷிஃப்ட் இல்லை.

மார்லிஸுக்குச் சம்பளம் இந்தக் கணக்கிலிருந்துதான்.
வாடகையும், நாயின் கண்ணுக்கு மருந்தும்.
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.
பிறகு யாரும் கேட்காத அந்தப் பெயரை
எழுத்தெழுத்தாக அடித்தாள்.
க்விம்பிக்கு நேர் கீழே.
தொழில் என்ற கட்டத்தில்
‘பத்துக்கு இரண்டு சரியில்லை’ என்றும் சேர்த்தாள்.

திரை கேட்டது:
இந்தப் பதிவு அவசியமில்லை. நீக்கிவிடலாமா?

பதினொன்று ஐம்பத்தெட்டு.
கீழே யாரோ
எந்திரத்தில் காசு போடுகிற சத்தம்,
ஒன்று, இன்னொன்று,
பிறகு தண்ணீர் நிறைகிற சத்தம்.