காலாவதியான அட்டை

மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசை எங்களுடையதில்லை.
மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம்.
மேசைமேல் ஒரு பழைய கதவுப் பலகை
காய்ந்துகொண்டிருக்கிறது.

தூரிகை வாங்க மாட்டாள் நெலீதா.
பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசை,
முட்டை அட்டை,
பொட்டலத்தோடு வந்த குமிழித்தாள்,
குடித்த காபியின் சக்கை,
பிரித்த ஸ்வெட்டரின் நூல்.
உப்பு எங்கே என்றால்
"படத்தில் இருக்கிறது" என்பாள்.
அன்றைக்குச் சூப்பு சப்பென்றிருக்கும்.

வெளியே புந்தா அரேனாஸின் காற்று.
நடப்பவர் பிடித்துக்கொள்ளத்
தெருவில் கயிறு கட்டும் ஊர் இது.
உள்ளே அவள் பசையை ஊற்றி,
அரைகுறையாய்க் காயவிட்டு,
மேலே நீலம் பூசுவாள்.
விடிவதற்குள் நீலம் தானாக வெடித்திருக்கும்.
எங்கே வெடிக்க வேண்டும் என்று
அவள் சொல்லிக்கொடுப்பதில்லை.
இருபத்தாறு வருஷத்தில் என்னை மட்டும்
அப்படி விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை
தீயணைப்பு நிலையக் கூடத்தில் மாட்டினார்கள்.
மருந்துக்கடை ஒபாந்தோ
நீரிணை என்றார், அதுவும் ஆகஸ்டு மாத நீரிணை.
குழாய் வேலை பார்க்கும் பார்ரியா
குளியலறைச் சுவரில் ஈரம் ஏறினால் இப்படித்தான் என்றான்,
விலையும் சொன்னான்,
சுவரைச் சரிசெய்ய.
எது மேல்பக்கம் என்று கேட்டாள் ஒரு சிறுமி.
நெலீதா யோசித்துவிட்டு
இடது ஓரத்தைக் காட்டினாள்:
"நேற்றுவரை அது."

எல்லாம் சரி,
ஒரு முகம்கூட இல்லையே என்றார்கள்.

நான் வாய் திறக்கவில்லை.
மூன்றாம் தடப் பேருந்து ஓட்டிய நாளில்
கம்பெனி கொடுத்த அடையாள அட்டை,
ஓட்டுநர் எண் இருநூற்றுப் பதினான்கு.
ஓய்வுபெற்ற மறுநாளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.
"நல்ல விறைப்பு" என்றாள்.
என்னைத்தான் சொல்கிறாள் என்று
ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
சாயத்தை வழிப்பது அந்த அட்டையால்தான்.
அகலமான சாம்பல் பட்டைகள்,
ஓரத்தில் அந்த நடுக்கம்,
எல்லாம் என் முப்பத்தெட்டு வயது மீசை
குப்புறக் கிடந்து இழுபட்ட தடம்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையைத் தேடினேன்.
ஊறுகாய் ஜாடியில் கிடந்தது,
பசை தோலாகப் படிந்து.
நகம் கொடுத்து உரித்தேன்,
வெயிலில் கருகிய முதுகுத்தோல் போல
ஒரே உரியாக வந்தது.
புகைப்படத்தின் மை மொத்தமும் அதில் ஏறிவிட்டது.
அட்டையில் எண் மட்டும்.
என் கையில், விளக்குக்கு எதிரே,
ஊடே தெரிகிற ஒரு மீசைக்காரன்.

"கிழிச்சிடாதே, கொடு.
நீலத்துக்கு அடியில் வேணும்" என்றாள்
அடுப்பிலிருந்து திரும்பாமலே.

கொடுத்தேன்.
சூப்பில் உப்பு போட்டாயா என்று கேட்டேன்.