இருநூற்றுப் பத்தாவது கெஜம்

ஞாயிறு, காலை ஆறரை.
மூடுபனியில் முதலில் வருவது தல்பீரின் இருமல்,
பிறகு தல்பீர்.
தோளில் நீளக் கத்தரி. பை நிறையக் கையுறைகள்,
எல்லாமே இடக்கைக்கு.
வலக்கைக்கானவை போன வாரமே
முள்ளுக்குப் போய்விட்டன.

மெஹ்ரோலிப் பக்கத்து ரிட்ஜ் காட்டில்
வரைபடம் பாதை என்று சொல்வதை
கீகர் இல்லை என்கிறது.
தில்லியில் இதற்கு விலாயதி கீகர் என்று பெயர்.
எனக்குச் சீமைக்கருவேலம்.
இரண்டு மொழியிலும்
அயலூர்க்காரன் என்றே இதைத் திட்டுகிறோம்.
இரண்டு ஊரிலும் அது
ரேஷன் கார்டு இல்லாமலே தழைக்கிறது.

நாங்கள் ஒன்பது பேர்.
வங்கியில் கடன் மறுக்கும் பிரணய்,
பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவும் மெஹ்ஜபீன்,
முழங்கால் இரண்டையும் மாற்றிக்கொண்ட சர்லா பட்நாகர்.
சர்லா வெட்டுவதில்லை.
மடக்கு நாற்காலியில் அமர்ந்து நோட்டில் குறிக்கிறார்:
வெட்டிய கெஜம், ஒட்டிய பிளாஸ்டர்.
நான் தணிக்கை அலுவலகம்.
வாரமெல்லாம் பிறர் கணக்கில் முள் தேடுகிறவளுக்கு
ஞாயிறன்று தேடாமலே கிடைக்கிறது.

கிளையைப் பிடித்தால் கையைக் கிழிக்கும்,
விட்டால் முகத்தை.
வெட்ட வித்தை வேண்டாம், கோபம் போதும் என்றார் தல்பீர்.
போதவில்லை.

வெட்டியதை ஓரமாகக் குவித்துவிட்டுப் போவோம்.
அடுத்த ஞாயிறு குவியல் இருக்காது.
தோட்டத் துறைக்கு நன்றிக் கடிதம் எழுதினார் சர்லா.
பதிலும் வந்தது, முத்திரையோடு:
எங்கள் சேவை தொடரும்.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு,
இருநூற்றுப் பத்தாவது கெஜத்தில்
நட்ட நடுவில் ஒரு புதர்.
கீகரும் உண்ணிச்செடியும் பின்னிக்கொண்டு
ஓர் அறையளவு அடர்த்தி.
பிரணய் ரம்பத்தை இரண்டாவது இழுப்பு இழுக்கையில்
பனிக்குள்ளிருந்து குரல்:
அதை விட்டுவிடு, பய்யா.

தலையில் விறகுக் கட்டு.
எங்கள் விறகு.
கட்டின் நடுவே
போன வாரம் நான் தப்பான கோணத்தில் வெட்டிய கிளை
அப்படியே துருத்திக்கொண்டிருந்தது.

பூல்மதி என்றாள்.
சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது குடிசை.
நடமாடும் கழிப்பறை வண்டி வருவது நின்று ஆறு மாதம்.
இது பிறகு நான் விசாரித்தது.
அவள் இவ்வளவு சொல்லவில்லை.
ஆண்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
புதரைப் பார்த்தாள்.
புதரின் பின்னால்
ஒரு பிளாஸ்டிக் போத்தல் கவிழ்ந்து கிடந்தது.

மெஹ்ஜபீன் ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.
தேநீர் என்றாள்.
மணி ஏழுகூட ஆகவில்லை.
தல்பீருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துதான்
குனிந்து நெடுநேரம் காலணிக் கயிற்றைக் கட்டினார்.
அவர் காலணிக்குக் கயிறே கிடையாது.

கையில் கிளாஸோடு தரையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.
நாங்கள் உண்டாக்கியதாக நினைத்த பாதை
முன்பே பாதைதான்.
குனிந்தால் மட்டும் போக முடிகிற உயரத்தில்
யாரோ தினமும் நடந்து
மண்ணை வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள்.
நிமிர்ந்து நடப்பவர்களுக்காக
நாங்கள் வெட்டியது உயரத்தை மட்டும்.

பிப்ரவரியில் திறந்தாயிற்று.
இருநூற்றுப் பத்தில் பாதை
நிறைமாத வயிறுபோல் வலப்பக்கம் பிதுங்கி
புதரைச் சுற்றிக்கொண்டு போகிறது.
சைக்கிள்காரர்கள் பிரேக் பிடித்துத் திட்டுகிறார்கள்.
நேராகவே விட்டிருக்கலாமே என்றார்
மூச்சிரைக்க ஒருவர்.
அங்கே மண் சரியில்லை என்றேன்.

சர்லாவின் நோட்டில் அந்த இடத்துக்கு எதிரே
அளவு இல்லை,
விடப்பட்டது என்று ஒற்றைச் சொல்.
அலுவலகத்தில் இப்படி ஒரு வரி கண்டால்
காரணம் கேட்டு எழுதுவேன்.

கழிப்பறை வண்டிக்கு மனு கொடுத்திருக்கிறோம்.
அதற்கும் பதில் வந்திருக்கிறது, முத்திரையோடு.
அதுவரைக்கும், கீகரே,
என் புறங்கையில் நீ கிழித்தது இன்னும் ஆறவில்லை,
இருந்தாலும் கேட்கிறேன்:
மார்ச்சில் துளிர்க்கும்போது
இந்த ஓரிடத்தில் மட்டும்
கொஞ்சம் தாராளமாகத் துளிர்.