உருவாக்கியவர்: தவசிக்கனி

கிளாம்பாக்கத்தில் ஏறிய பஸ்
மாட்டுத்தாவணியில் இறக்கிவிட்டபோது மணி நாலே முக்கால்.
இரண்டு இடத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
என் டோக்கன் இருநூற்று ஏழு.
கேட்டது ஒரே கேள்வி:
"மதுரையா? ஜிகர்தண்டா எந்தக் கடையில நல்லாருக்கும்?"
சொன்னேன்.
அதை மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போனால் அப்பா முகத்தைப் பார்ப்பார் என்று
நேரே கடைக்கு வந்துவிட்டேன்.
டவுன்ஹால் ரோட்டில், சந்துக்குள் நாலாவது ஷட்டர்.
சாவி சிக்கந்தரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.
போர்டில் 'டேட்டா எக்ஸ்பர்ட்' என்று எழுதியிருப்பது என்னைத்தான்.
அதற்கு மேலே, என்னைவிடப் பெரிய எழுத்தில்,
டெம்பர் கிளாஸ் தொண்ணூற்றொன்பது.

டீ வரும்வரை கை சும்மா இருக்கவில்லை.
என் பயோடேட்டாவையே பிடித்து உட்காரவைத்து விசாரித்தேன்,
எழுத்தை அல்ல, எழுத்துக்கு அடியில் கிடப்பதை.
திருத்தங்கள்: அறுபத்து மூன்று.
திருத்திய மொத்த நேரம்: நாற்பத்தொரு மணி.
கடைசியாகச் சேமித்தது: அதிகாலை இரண்டு பதினான்கு.
உருவாக்கியவர்: தவசிக்கனி.

தவசிக்கனி எங்களுக்கு இரண்டு வருஷம் சீனியர்.
அவருடைய ஃபைலைத்தான்
பென்டிரைவ் பென்டிரைவாக வகுப்பே பங்கு போட்டது.
பேரை மாற்றினோம், போட்டோவை மாற்றினோம்,
பொழுதுபோக்கில் 'செஸ்' என்பதை மாற்ற
பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.
எந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றாலும்
முப்பத்தெட்டுச் சட்டைக் காலரிலும்
ஒரே தையல்காரர் பெயர்.
துப்பறியப் படித்தவர்கள் நாங்கள்,
ஒருத்தரும் பார்க்கவில்லை.
துப்பறிய ஆள் தேடியவர்களும்தான்.

அவருக்கு வேலை கிடைத்தபோது
காளவாசலில் ட்ரீட், ஆளுக்கு மூன்று பரோட்டா.
ஆஃபர் லெட்டரில் 'ரெக்கவரி பிரிவு' என்றிருந்தது.
அழிந்த ஃபைலை மீட்கிற வேலை என்று கைதட்டினோம்.
சேர்ந்த அன்று கையில் கொடுத்தது
பைக் லோன் கட்டாதவர்கள் லிஸ்ட்.
இப்போது பேரையூர்ப் பக்கம் ஹெல்மெட்டோடு அலைகிறார்.
ஸ்டேட்டஸில் போட்ட கறிவிருந்து போட்டோவை வைத்தே
எந்தத் தோப்பில் வண்டி நிற்கிறது என்று சொல்லிவிடுவாராம்.
படிச்சது வீண்போகல, என்கிறார்.
அந்தக் குரலில் கேலி எவ்வளவு என்று பிரித்தெடுக்க
என்னிடம் கருவி இல்லை.

பத்து மணிக்கு உசிலம்பட்டியிலிருந்து ஓர் அக்கா.
மாட்டுத்தொட்டியில் விழுந்த போன்,
அதற்குள் நகைக்கடன் ரசீதின் போட்டோ.
நாலு மணிநேரம் போராடி மீட்டது:
ரசீது, ஒரு கன்றுக்குட்டி,
விரல் மறைத்த பதினோரு படங்கள்.
முந்நூறு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
"இது கவர்மென்ட் வேலையா தாயி?" என்றார்.

சாயங்காலம் ஒருவர்
மனைவியின் போனைக் கொண்டுவந்து, லாக்கை எடு என்றார்.
முடியாது என்றேன்.
எடுக்கத் தெரியாதா?
தெரியும். செய்ய மாட்டேன்.
"பின்ன எதுக்கு இதெல்லாம் படிச்ச?"

சென்னையில் இதையாவது கேட்டிருக்கலாம்.
பதில் வைத்திருந்தேன்.

கடை அடைக்கும் நேரத்தில்
அந்தப் பெயரை எடுத்துவிட்டு
ஜெஸிந்தா என்று போடப் போனேன்.
சான்றில் கை வைக்காதே என்று
முதல் வகுப்பில் எழுதிக்கொண்டது
விரலைப் பிடித்தது.
அவருக்கே அனுப்பினேன்:
"அண்ணே, நாங்க எல்லாருமே நீங்கதான்."

இரண்டு டிக். நீலம்.
டைப் செய்கிறார். நிறுத்துகிறார். மறுபடி.
"அது நான் செஞ்சதில்ல ஜெஸி.
எனக்கு முந்தி அதுல வேற ஒரு பேர் இருந்துச்சு.
அழிச்சுட்டு என் பேரப் போட்டேன்."

யார் பேர்?

"ஞாபகமில்ல.
நீ எடுத்துருவல்ல?"

பாதி இறக்கிய ஷட்டரை
அப்படியே விட்டுவிட்டு
குனிந்து உள்ளே போனேன்.